கோடு படுத்த கார்டு: திருகோணமலையில் ஐந்து நாள்

நாள் 1, ஞாயிறு

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இரவு மெயிலில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: "கோவிலுக்கா, கடலுக்கா?" திருகோணமலைக்குப் போக இந்த இரண்டைத் தவிர வேறு காரணம் இருக்கக்கூடாது போல. தோழி வீட்டுக்கு என்றேன். அவருக்கு சப்பென்று போய்விட்டது.

உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். கொழும்பில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. போன மாதம் சிறுவர் நலம் பற்றிய ஓர் அறிக்கை கைக்கு வந்தது. நாட்டின் 25 மாவட்டங்களுக்கும் அட்டவணையில் 25 வரி. எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்தவள் எண்களைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இது நாடு முழுவதற்குமான கணக்கு. நுவரெலியா மாவட்டத்தில் அது 32. நான் அந்த மாவட்டத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் வரி எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்று தெரியும். தெரிந்திருந்தும் அச்சில் பார்க்கும்போது முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்த தோழிக்குப் போன் பண்ணிப் புலம்பினேன். அவள் இப்போது திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "எங்கட வரி மட்டும் என்ன, பொன்னால எழுதியா கிடக்கு? வந்து பாரடி" என்றாள். சரி, வருகிறேன் என்றேன்.

கல்லோயாச் சந்தியில் ரயில் நெடுநேரம் நின்றது. அங்கேதான் மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரிகின்றன. முன்னால் யானை என்று யாரோ சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. கந்தளாய் தாண்டி விடிந்தது. தம்பலகாமத்து வயல், அப்புறம் சீனன்குடா, அப்புறம் உப்புக் காற்று.

உப்புவெளியில் தோழியின் வீடு. அவளுடைய அம்மாவை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் குடும்ப நல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நீளப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. மிட்வைஃப் மிஸ் என்றால் கடைக்காரர் வரைக்கும் தெரியும். புட்டும் சூடைமீன் குழம்பும் வைத்துக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்டு கேட்டுச் சிரித்தார். "நீ எல்லாத்துக்கும் அப்புறம் அப்புறம் எண்டுறாய். நாங்கள் பிறகு எண்டுவம். ரெண்டும் ஒண்டுதானே, சாப்பிடு."

மாலையில் கோணேசர் கோவில். கோவில் இருக்கிற பழைய கோட்டைக்குள் மான்கள் குப்பைத்தொட்டியில் வாய் வைத்துக்கொண்டிருந்தன. இந்தக் கோவிலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாயிற்று, நான் விட்டுவிடுகிறேன்.

இரவு அன்ரி சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் குறித்து வைக்கிறேன். அந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வு 1987, 1993, 2000 என்று நடந்தபோதெல்லாம் வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. 2006-07இல் கிழக்கைச் சேர்த்தார்கள், வடக்கு அப்போதும் வெளியே. முழுத் தீவையும் அளந்தது 2016இல்தான். "அதுக்கு முதல் நான் நிறுத்த பிள்ளையள் எல்லாம் ஆரின்ரை கணக்கிலயும் இல்லை. என்ரை கொப்பியிலை மட்டும்தான்" என்றார். நிறுத்த என்றால் தராசில் நிறுத்த. எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது.

நாள் 2, திங்கள்

தோழி விடியவே வெருகல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். வாரநாளில் அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறாள். நான் அன்ரியோடு கிண்ணியா போனேன். அன்ரி முன்பு வேலை செய்த பகுதி. அவர் கையில் பிறந்தவர்கள் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்கள். எங்களிடம் காசு வாங்கவில்லை.

கிண்ணியாப் பாலம் 396 மீட்டர் நீளம். 2009இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் பாதை என்ற மிதவையில்தான் வாகனமும் சனமும் கடக்க வேண்டும். பிள்ளைப்பேற்று வலியோடு பெண்கள் அந்தத் துறையில் காத்திருந்த கதைகள் அன்ரியிடம் நிறைய இருக்கின்றன. ஒன்றைச் சொல்லத் தொடங்கி, ஆட்டோக்காரப் பையனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அது அவனுடைய அம்மா கதையாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

பெரிய பாலம் வந்தது. ஆனால் கொஞ்ச தூரத்திலேயே குறிஞ்சாக்கேணி. அங்கே பாலம் கட்டுவதற்காகப் பழைய வழியை மூடியிருந்த நேரம், சனங்கள் மறுபடி மிதவையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23, காலை நேரம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. சின்னப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். கரையில் நின்று பார்த்தேன். பயப்படுகிற மாதிரி அகலமே இல்லை. எதிர்க்கரையில் துணி காயப்போடுகிற பெண்ணின் முகம் தெரிகிறது.

மதியம் அன்ரிக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாப்பாடு. மட்டி பொரித்து வைத்திருந்தார்கள். வீட்டில் உம்மும்மாவும் ஆறு வயதுப் பேத்தியும் மட்டும். பிள்ளையின் உம்மா குவைத்தில் வீட்டுவேலை. 2013இல் ஒரு விதி வந்தது: ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற தாய் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாது, மற்றப் பெண்களும் குடும்பப் பின்னணி அறிக்கை காட்ட வேண்டும். 2022இல், நாடு டொலருக்குத் தவித்தபோது, அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். "மகள் அஞ்சு வயசு முடியுமட்டும் பொறுத்துத்தான் போனா" என்றார் உம்மும்மா, ஏதோ நான் விசாரிக்க வந்த அதிகாரி மாதிரி.

ஐ.எம்.ஓ.வில் வீடியோ அழைப்பு வந்தது. பிள்ளைக்கு முன்பல் விழுந்திருக்கிறது. போனை வாய்க்குள்ளேயே விடுகிற மாதிரி வைத்து, விழுந்த இடத்தைக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து, "கிட்ட வைக்காத மகள், ஒண்டும் தெரியல்ல, கறுப்பாத் தெரியுது" என்று சத்தம். பிள்ளை இன்னும் கிட்ட வைத்தாள். விழுந்த பல்லைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறாள், உம்மா வந்து பார்க்க. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

பிள்ளை நல்ல கொழுகொழு. தராசில் வைத்தால் நல்ல எடை என்று பச்சைக் கட்டத்தில் விழும். அறிக்கையில் அவள் ஒரு நல்ல எண்.

நாள் 3, செவ்வாய்

மூதூர் வழியாகச் சம்பூர். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு போனோம்.

மூதூரைத் தாண்டும்போது ரிசானா நபீக் நினைவு வராமல் இருக்காது. இந்த ஊர்ப் பிள்ளை. 1988இல் பிறந்தவள். கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள், பதினேழு வயதில். அங்கே அவள் பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்துபோக, கொலைக்குற்றம் சுமத்தி, 2013 ஜனவரி 9இல் தலையை வெட்டினார்கள். அந்த ஆறு வருடத்தை ஒரு பிள்ளையின் வயதில் யார் கூட்டினார்கள், எவ்வளவு காசுக்குக் கூட்டினார்கள் என்று அன்ரி வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். அவர் திட்டி நான் கேட்டதே இல்லை.

சம்பூரில் கிளினிக் நாள். ஒரு பொதுக்கட்டடம், வெளியே வேப்பமரம், மரத்துக் கொப்பில் தொங்குதராசு. அன்ரியின் பழைய சகபாடி ஒருவர்தான் இப்போது மிட்வைஃப். ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்க விட்டார்.

பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. பிள்ளைக்கு ஒரு துணிக் காற்சட்டையை மாட்டி அதைக் கொக்கியில் தொங்கவிடுகிறார்கள். தொங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஒரு கணம் பேசாமல் இருக்கிறார்கள். அப்புறம் வீல் என்று ஒரு கத்தல். முள் ஆடி நிற்கும்வரை தாய் கையை விரித்துக்கொண்டு கீழே நிற்கிறாள். மிட்வைஃப் எண்ணைச் சொல்ல, உதவிக்கு நின்ற பெண் கார்டில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுக்கிறாள். ஆண்பிள்ளைக்கு நீலக் கார்டு, பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. உள்ளே பச்சை, வெளிர்பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள். கோடு மேலே ஏறினால் ஒன்றும் பேசமாட்டார்கள், அடுத்த ஆள். ஏறாமல் நேராகப் போனால், "கோடு படுத்திட்டுதே தங்கச்சி, என்ன குடுக்கிறாய்?" என்று தொடங்கும்.

அப்படி ஒரு கோடு. ஒன்பது மாதத்துப் பெண்குழந்தை. ஆறு மாதம் வரை விறுவிறுவென்று ஏறிய கோடு, தாய்ப்பாலோடு வேறு சாப்பாடு தொடங்குகிற அந்த இடத்திலிருந்து படுத்துவிட்டது. தாய்க்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். என்ன கொடுக்கிறாய் என்றதற்குச் சோறும் பருப்பும் என்றாள். மீன்? "வித்துப்போடுவினம் மிஸ்." முட்டை? பதில் இல்லை. திரிபோஷா கிடைத்ததா? கிடைத்தது. பிள்ளைக்குக் கொடுத்தாயா? அதற்கும் பதில் இல்லை. அன்ரி என் காதில் சொன்னார்: "வீட்டிலை இன்னும் மூண்டு சின்னனுகள். உருண்டை பிடிச்சா நாலாப் பிரியும்." சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மா, 1973இலிருந்து நாடு முழுவதும் இலவசமாகப் போகிறது. எங்கள் தோட்டத்தில் நானும் தின்றிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் நாலாகத்தான் பிரிந்தது.

மிட்வைஃப் திட்டவில்லை. நெத்தலியை வறுத்துப் பொடித்து சோற்றில் பிசையச் சொன்னார், முருங்கை இலையைச் சொன்னார், சோற்றில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விடச் சொன்னார். எல்லாம் அந்தப் பெண்ணின் வளவில் இருக்கிறவை. பிறகு கர்ப்பகாலக் கார்டைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்து அன்ரியிடம் காட்டினார். தாயின் உயரம், 144 சென்ரிமீற்றர். 145க்குக் கீழே என்றால் கர்ப்பத்திலேயே கவனம் வேண்டிய ஆள் என்று குறித்துக்கொள்வார்கள்.

2006இல் சம்பூர்ச் சனம் ஷெல்லடிக்குள் ஊரைவிட்டு ஓடியபோது இந்தப் பெண்ணுக்கு நாலு வயது. ஊர் உயர்பாதுகாப்பு வலயம் ஆனது. கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே வளர்ந்தாள். 2015, 2016இல்தான் காணிகளை விட்டார்கள். திரும்பி வரும்போது வயது பதின்மூன்று. ஒரு பெண்பிள்ளை உயர வேண்டிய காலம் முழுவதும் நிவாரண அரிசி. இப்போது அவளுடைய மகளின் கோடு படுத்திருக்கிறது. அறிக்கையில் அந்த மகள் 'திருகோணமலை' என்ற வரிக்குள் போவாள். அவளுடைய அம்மா அவளுடைய வயதில் எந்த வரியிலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் யுத்தம் இல்லை, முகாம் இல்லை. ஆனால் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக் காம்பராவில் எட்டுப் பேர், பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்க ஏறுகிற தாய், வெறும் ரொட்டி, சாயத்தண்ணி. வந்த வழி வேறு. கார்டில் கோடு படுக்கிற இடம் அதே ஆறாம் மாதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தடுப்பூசி நாள் தவறாமல் போட்டிருந்தது. வராத ஒரு தாயைத் தேடி மிட்வைஃப் மத்தியானம் ஸ்கூட்டியில் புறப்பட்டார். இந்த நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது பத்து அளவில் நிற்கிறதென்றால், அந்த ஸ்கூட்டிதான் காரணம். உயிரோடு வைத்திருக்க நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். வளர்க்கத்தான் ஊருக்கு ஊர் ஒரு நியாயம்.

நாள் 4, புதன்

தோழியின் பள்ளிக்கூடம். வெருகல் ஆறு மகாவலியின் ஒரு கிளை. அதைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்த தூரத்தைவிட, திருகோணமலையிலிருந்து இங்கே வந்தது எனக்கு நீளமாகத் தெரிந்தது. பஸ் அப்படி.

அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை என்று அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது. அதற்கு ஆசிரியருக்கு ஒரு கொடுப்பனவு உண்டு. "அந்தக் காசுக்கு வருவினம், வந்த அண்டைக்கே மாற்றத்துக்கு விண்ணப்பம் நிரப்புவினம்" என்றாள் தோழி. "நீ?" "நானும் ரெண்டு தரம் நிரப்பினனான். சும்மா பொய் சொல்லக்கூடாது."

எட்டாம் வகுப்பு வரவு இடாப்பைக் காட்டினாள். ஒரு பையனின் பெயருக்கு நேரே இந்த மாதம் ஆறு நாள்தான் வரவு. அன்று வந்திருந்தான். உள்ளங்கையைக் காட்டச் சொன்னாள். கயிறு உரஞ்சிக் குறுக்கே இரண்டு தழும்பு, ஒன்று இன்னும் காயவில்லை. கரைவலை இழுக்கப் போகிறான். கடல் அமைதியான மாதங்களில் தொழில் நடக்கும், பெரியவர்களோடு கயிற்றைப் பிடித்தால் வலையின் மடி கரைக்கு வந்ததும் ஒரு பங்கு மீன். சட்டப்படி பதினாறு வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம், பதினாறுக்குக் கீழே வேலைக்கு வைக்கவும் கூடாது. "எத்தனை வயசு தம்பி?" "பதின்மூண்டு டீச்சர்." "நேற்று என்ன பட்டது?" முகம் மலர்ந்தது. "கீரிமீன்! நல்ல பாடு!" கணக்குப் பாடத்தில் இப்படி வாய் திறக்கமாட்டான் என்றாள் தோழி.

இங்கே உயர்தர (ஏ.எல்.) வகுப்பில் கலைப்பிரிவு மட்டும். விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும், தங்க இடம் வேண்டும், டியூஷன் காசு வேண்டும். டவுனில் மாலையானால் டியூஷன் வாசலில் மோட்டார்சைக்கிள் வரிசை நிற்பதை ஞாயிற்றுக்கிழமையே பார்த்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் நுவரெலியாவும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் நம் ஊரிலிருந்து யார் போவார்கள் என்று நான் கேட்டேன்.

"போறது ஆர்? இந்தப் பள்ளிக்கூடத்துப் பெடியனோ? டவுனிலை, தாய் தகப்பன் ரெண்டு பேரும் உத்தியோகம் பாக்கிற பிள்ளை. இவன்ரை கஷ்டத்தைக் காட்டி அவன் போறான். 2016இலை கொழும்பிலை நூற்றுக்கு ஒரு ஆள்கூட வறுமையிலை இல்லை, 0.9. இலங்கை முழுக்க 4.1. திருகோணமலை 10. சரி, அந்தப் பத்துப் பேர் எங்கை இருக்கினம்? உப்புவெளி ஹோட்டல் பக்கமா?"

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் வாயடைத்தது. நான் பேராதனைக்குப் போனது நுவரெலியா மாவட்ட ஒதுக்கீட்டில். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து ஹட்டன் டவுனில் பெரிய பாடசாலை, அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. என்னோடு லயத்தில் விளையாடிய பிள்ளைகளில் ஒருத்திகூட உயர்தரம் எழுதவில்லை. ஒருத்தி பதினான்கு வயதில் கொழும்பில் வீட்டுவேலைக்குப் போனாள். அவளையும் சேர்த்து எடுத்த சராசரியில் எனக்கு இடம் கிடைத்தது. இருபது வருடமாக இதை நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. தோழி அந்தப் பேச்சை அத்தோடு விட்டாள். அவளும் திருகோணமலை டவுன் பிள்ளை, அதே ஒதுக்கீட்டில் வந்தவள்தான்.

ஒதுக்கீட்டை எடுத்துவிட வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். மாவட்டம் என்ற கத்தி இதை வெட்டுவதற்குப் பெரிது, அவ்வளவுதான். மாவட்டத்துக்குள்ளே பிரதேச செயலகம் பிரதேச செயலகமாக, முடிந்தால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வெட்டட்டும். வெருகலும் உப்புவெளியும் ஒரே வரியில் இருக்கும்வரை அந்த அறிக்கைக்கு மெய்ப்புப் பார்க்க எனக்கு மனம் வராது. பார்க்காமலும் இருக்க முடியாது, சம்பளம்.

நாள் 5, வியாழன்

காலையில் கடலில் குளித்தேன். வெளிநாட்டுக்காரர்களின் பிள்ளைகள் இரண்டு மணலில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி உள்ளூர்ப் பிள்ளைகள் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட நாள். இன்று இதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, களைப்பு.

அன்ரி ஒரு முட்டி எருமைத்தயிர் கட்டித் தந்தார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், சாய்ந்தால் போயிற்று. போன் ஒலித்தது. மிட்வைஃப் அன்ரிக்குப் பேசினார்: அந்த ஒன்பது மாதக் குழந்தையை இனி இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுக்கப் போகிறாராம்.

ஸ்டேஷனில் காத்திருக்கும்போது என் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நீங்க என்ன உயரம்?"

"என்னத்துக்கு?"

"சும்மா, சொல்லுங்களேன்."

"எங்க காலத்துல யாரு அளந்தா? கொழுந்தத்தான் நிறுத்தாங்க."

அண்ணன் மகளைக் கூப்பிட்டு, அம்மாவைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டு அளக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு சத்தம்.

"நாலு அடி எட்டரை அத்தை" என்றாள் மருமகள்.

நூற்று நாற்பத்து மூன்றரை சென்ரிமீற்றர். அம்மா போனை வாங்கிக்கொண்டார். "ஏன்டி, சட்டை ஏதும் தைக்கப்போறியா? கழுத்த ரொம்ப எறக்கிடாதே."